சிலந்தி புதைத்த இடம்

கிள்ளான்
12 நவம்பர் 2024

ரமணிக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். அதனால் எழுதி உன் மகன் விமலனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஷா ஆலத்துக்கு வேலைக்கு வருகிறவன் இங்கே எட்டிப்பார்த்துவிட்டுப் போனால் ஒன்றும் குறைந்துவிடமாட்டான்.

முதலில் செய்தி. அவள் இறங்கிவிட்டாள்.

யார் என்று கேட்பாய். தீபாவளிக்கு முன்னால் ஒட்டடைக் கம்போடு வந்து பின்பக்கம் முழுவதையும் சுத்தம் செய்கிறேன் என்று நின்றாயே, அப்போது மாமரத்துக்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெயில் பட்டால் தங்கக் கம்பி போல மின்னும் வலை. நீ அதைக் கிழித்தாய். அவள் மறுநாளே திரும்பக் கட்டிவிட்டாள். நான்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

சில நாளாக அவள் வயிறு பெருத்துக்கொண்டே போனது. இன்று காலை பார்த்தால் வலை காலி. காக்கை கொத்திவிட்டது என்று நினைத்துத் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் மாமரத்தடியில் சருகு அசைந்தது. குனிந்து பார்க்கிறேன், அவளேதான். தரையில் நடக்கிறாள். நூலில் நடப்பதற்கென்றே பிறந்த கால்கள், மண்ணில் ஒவ்வொன்றாகத் தடுமாறுகின்றன. முற்றத்தின் நடுவில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

ரமணி, இதை நான் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. மற்ற வலைச் சிலந்திகள் இலைக்கடியில், வலை ஓரத்தில், கூரை இடுக்கில் முட்டைப் பையைத் தொங்கவிடும். இவள் இனம் தரைக்கு வந்து சிறு குழி பறித்து, முட்டையிட்டு, நூலால் மூடி, மேலே மண்ணையும் சருகையும் இழுத்துப் போட்டுவிட்டு ஏறிப் போய்விடும். போனபின் அங்கே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். லோரி ஓட்டிய காலத்தில் துறைமுகத்தில் சாமான் இறக்கக் காத்திருந்த நேரமெல்லாம் சிலந்தி பார்த்தவன் நான். என் கண்ணுக்கு முன்னால் இது நடக்க எழுபத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது.

மூக்குக் கண்ணாடியை எடுக்க உள்ளே போனேன். மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு வந்து பார்த்தபோது அவள் வலைக்குத் திரும்பியிருந்தாள். வயிறு காய்ந்த மிளகாய் போலச் சுருங்கிக் கிடந்தது. ஆக, வேலை முடிந்துவிட்டது.

உன் கான்ட்ராக்டர் பாலன் சிமெண்டு ஊற்றப்போகும் பாதை சரியாக அந்த இடத்தின் மேல்தான் போகிறது. குஞ்சு வெளியே வரும்வரை அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
17 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

விமலன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு பேரும் இன்னும் தபால் காலத்துலயா இருக்கீங்க" என்று சிரித்தான். மாமா எப்படி இருக்கிறார் என்றேன். "தரையில படுத்துக் கிடக்கார்" என்றான். உடனே போனை எடுக்கப் போனேன். அப்புறம்தான் சொல்கிறான், மண்ணைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்களாம்.

நான் கேட்டது என்ன? பின்சந்து கேட்டிலிருந்து அடுப்படிக் கதவுவரை ஒரு சிமெண்டுப் பாதை. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டின் முன்பக்கத்தை நீங்கள்தான் உயர்த்தினீர்கள். இப்போது முன்னால் படி ஏறித்தான் உள்ளே போக முடியும். ஜனவரியில் எனக்கு முட்டி ஆபரேஷன். அதற்குப் பிறகு படி கூடாது, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சமதரையில்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே நான் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளை எண்ணுவதுதான் சுலபம். போன வாரம் மீன் வாங்கப் போனவள் கீழே உட்கார்ந்து, விமலன் வந்து பிடித்து ஏற்றும்வரை பையில் மீன் நாறக் காத்திருந்தேன்.

அப்பா அந்த வீட்டை இரண்டு பேர் பேரிலும்தான் எழுதிவைத்தார். நான் விருந்தாளியாக வரவில்லை. என் வீட்டுக்கு வருகிறேன்.

நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு நான் வருவது பிடிக்கவில்லை. அண்ணி போன பிறகு தனியாக இருந்து பழகிவிட்டீர்கள். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு சிலந்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கோபம் வந்தால் வெளிப்படையாகக் கத்துகிற ஆள்தானே நீங்கள், இதில் மட்டும் ஏன் சாக்கு?

பாலன் அடுத்த வாரம் வருவான். வரவேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை.

ரமணி


கிள்ளான்
26 நவம்பர் 2024

ரமணிக்கு,

சாக்கா? நான் சொன்னது "பொறு" என்று. "வராதே" என்று சொல்லவில்லை. டெலிபோன் எக்சேஞ்சில் காலமெல்லாம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தவளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். நேற்று நடந்ததைக் கேள்.

பாலன் லோரியில் மணலும் கல்லும் ஏற்றிக்கொண்டு இரண்டு ஆட்களோடு வந்துவிட்டான். அவன் வருவான் என்று எனக்குத் தெரியும், நீ சொன்னால் செய்கிற ஆள். சிலந்தி முட்டை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைப் போடுவான். அதனால் விடிந்ததுமே நான் ஒரு வேலை செய்துவைத்திருந்தேன். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நான்கு குச்சி நட்டு, சுற்றிலும் மஞ்சள் துணி கட்டிவிட்டேன். முன்பு லோரிக் கண்ணாடி துடைக்க வாங்கிவைத்த துணி. அவ்வளவுதான்.

பாலன் கேட்டைத் திறந்தான். துணியைப் பார்த்தான். நின்றான்.

"அங்கிள், அங்க என்ன இருக்கு?"

"இருக்கிறது இருக்கு."

"முன்னாடியே சொல்லக்கூடாதா லா, செருப்போட உள்ள வந்துட்டேன்" என்று இரண்டு எட்டு பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றினான். அவன் ஆட்களும் கழற்றினார்கள். மணலைச் சந்திலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இருக்கிறது என்றேன், இருக்கிறது. ரமணி, உன்னிடம் சொல்கிறேன், இந்த வயதில் இப்படி ஒரு நாள் எனக்குக் கிடைத்து வெகுகாலமாகிவிட்டது. வீட்டுக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன்.

அவள் மேலே வலையில் புதுச் சுருள் கட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
2 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

கல்லுக்கும் மரத்துக்கும் மஞ்சள் துணி கட்டாதே என்று பகுத்தறிவு மன்றத்தில் தொண்டை கிழியப் பேசிய ரெங்கசாமி, தன் வீட்டு முற்றத்திலேயே மஞ்சள் துணி கட்டியிருக்கிறார். சந்து முனை மரத்தில் யாரோ கட்டிய துணியை அவிழ்த்ததற்காக அந்த வீதியே உங்களோடு பேசாமல் இருந்ததே, மறந்துபோய்விட்டதா? நான் மறக்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் கல்யாண வீடுகளில் முகத்தைத் திருப்பினார்கள்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிலந்தி. பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, நண்டு மாதிரி கால் பரப்பிக்கொண்டு. செருப்பை எடுத்துவிட்டேன். ஓடும் என்று பார்த்தால் ஓடவில்லை. உடம்புக்கடியில் வெள்ளையாக ஒரு வட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐம்பது காசு அளவு இருக்கும். ஓடினால் அது தடுக்கும். விட்டுவிட்டு ஓடலாம், விடவும் மாட்டேன் என்கிறது. முன்கால் இரண்டையும் தூக்கி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முட்டி மடங்கவில்லை, குனிந்து அடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். கரப்பான் ஒன்று பக்கத்தில் போனது, அதைக்கூடச் சாப்பிடவில்லை. எழுதும்போது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கதவை மெதுவாகச் சாத்துகிறேன், வந்துபோகும் விமலனையும் மெதுவாகச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.

என் சிலந்தி பிள்ளையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு பட்டினியாக நிற்கிறது. உங்கள் சிலந்தி புதைத்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது. இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ரமணி


கிள்ளான்
11 டிசம்பர் 2024

ரமணிக்கு,

அது வேட்டைச் சிலந்தி. தொடாதே, அடிக்காதே, பூச்சிமருந்து அடிக்காதே. குஞ்சு வரும்வரை பையை விடமாட்டாள். நம் வீட்டுக் கூரை மூலையில் நீ ஒட்டடை என்று அடிப்பாயே, நூல் மாதிரி காலுள்ளது, அது முட்டைகளைக் கொத்தாகக் கட்டி வாயில் கவ்விக்கொண்டு திரியும். வாய் திறந்தால் முட்டை விழும், அதனால் அதுவும் பட்டினி. வேலியோரப் புல்லில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி பையைப் பின்னால் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். குஞ்சு வந்ததும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். செம்பருத்திச் செடியில் ஒரு பொடிச் சிலந்தி இருக்கிறது. முட்டைப் பையையும் தின்றுபோட்ட பூச்சிக் குப்பையையும் ஒரே வரிசையாக வலையில் கோத்து, தானும் அந்த வரிசையில் ஒரு குப்பையாக உட்கார்ந்துகொள்ளும். எது முட்டை, எது குப்பை, எது தாய் என்று குளவிக்கே குழம்பும்.

இவற்றில் எது நல்ல தாய் என்று நீ கேட்கிறாய். கேள்வியே தப்பு. காவல் நிற்கிறவள் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறாள். புதைத்துவிட்டு விலகிப் போகிறவள் எதிரியின் கண்ணையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறாள். விலகி இருப்பவர்களெல்லாம் கைவிட்டவர்கள் என்று எவன் சொன்னான்?

இப்போது நடந்திருப்பதைச் சொல்கிறேன், சிரிக்காதே.

பாலன் வாய் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுக் குமுதா செம்பில் பாலோடு பின்சந்தில் நிற்கிறாள். "அங்கிள், நாகம்மாவா?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் குச்சிகளுக்கு நடுவில் பாலை ஊற்றிவிட்டாள். மஞ்சள் தண்ணீர் வேறு. மூன்று கோழிமுட்டை வேறு வைத்தாள். முட்டைக்கு முட்டையையே படைக்கிறார்கள், ரமணி.

"குமுதா, அங்கே இருப்பது சிலந்தி முட்டை" என்றேன். கத்திச் சொன்னேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சிவனுக்கு வலை கட்டினதே சிலந்திதானே அங்கிள். நீங்க நம்பாதவரு, உங்க வீட்டுல வந்து உக்காந்திருக்கா பாருங்க" என்கிறாள். மறுநாள் இன்னும் நாலு பேர்.

பாலுக்கு எறும்பு வந்துவிட்டது. சிவப்பு எறும்பு, சந்திலிருந்து வரிசை கட்டி வருகிறது. எறும்பு உள்ளே போனால் முடிந்தது. காலையும் மாலையும் துடைப்பத்தோடு உட்கார்ந்து எறும்பை விலக்குகிறேன், சாம்பலால் சுற்றிக் கோடு போடுகிறேன். அதைப் பார்த்து ஒருவர் என்னிடம் கையை நீட்டித் திருநீறு கேட்டார். என்னிடம். ரெங்கசாமியிடம்.

துணியை அவிழ்த்தால் பாலன் சிமெண்டு ஊற்றுவான். அவிழ்க்காவிட்டால் இவர்கள் பால் ஊற்றுவார்கள்.

ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
16 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். விமலன் படிக்கப் படிக்க நான் சிரித்ததில் கீழ்வீட்டு ஆன்டி என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டாள். திருநீறு கேட்டவருக்குக் கொடுத்தீர்களா இல்லையா, அதை எழுதவில்லையே.

காவல் நிற்கிறவள் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று எழுதியதும் நீங்கள்தான். துடைப்பத்தோடு காவல் நிற்பதும் நீங்கள்தான். சிலந்திக்கு இருக்கிற புத்தி வளர்த்தவருக்கு இல்லை.

சரி, இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பாதை அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வேலியோரமாகவும் போகலாம். போகாததற்குக் காரணம் உங்கள் ஸ்டோர். விற்ற லோரியின் சாமானை அந்தத் தகரக் கொட்டகைக்குள் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? அதைப் பிரித்துவிட்டால் நடைவண்டி தாராளமாகப் போகும். முட்டைக்கும் ஆபத்தில்லை, எனக்கும் பாதை.

ஸ்டோரைத் தொடக்கூடாது என்று அண்ணியிடம் சண்டை போட்டவர் நீங்கள். என்னிடமும் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் ஒன்று. விமலனின் பெட்டாலிங் ஜெயா வீட்டில் எனக்கு மாடியில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வரும்போது கிள்ளானில் பாதை இல்லை என்றால் அங்கே போய்விடுவேன். அந்த மாடியில் ஏறினால் மறுபடி இறங்கிவர எனக்கு மனம் இருக்காது, கால் இருந்தாலும்.

குளியலறைக்காரி இன்னும் பிடித்த பிடி விடவில்லை. பல் துலக்கும்போது அவளோடு பேசுகிறேன்.

ரமணி


கிள்ளான்
12 ஜனவரி 2025

ரமணிக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

ஸ்டோரைப் பிரித்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, தகரம் துருப்பிடித்துவிட்டது. சாமானைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிப் போனான். கியர்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன், அது பாதையில் இல்லை. பாலனையும் நானே கூப்பிட்டேன்.

நேற்றுக் காலை வந்தான். ஸ்டோர் இருந்த இடத்தை மட்டம் பண்ணிப் பலகை அடித்தார்கள். வேலியோரத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முதல் தள்ளுவண்டிக் கலவையைச் சாய்க்கப் போகிறான். நான் கியர்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். வேலிக்கும் ஸ்டோர் இருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு பப்பாளிக் கன்று தானாக முளைத்திருந்தது, அதன் தண்டில் யாரோ மஞ்சள்பொடி தூவியது மாதிரி இருந்தது. குமுதா இங்கேயும் வந்துவிட்டாளா என்று எரிச்சலோடு போய்ப் பார்க்கிறேன்.

பொடி நடந்தது.

ரமணி, குஞ்சுகள். சருகுக்கடியிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. தண்டில் ஏறி, இலைக்கடியில் போய், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு பட்டால் கொத்து முழுவதும் ஒரே நேரத்தில் நடுங்குகிறது.

"பாலன், வண்டியைச் சாய்க்காதே" என்றேன். அவன் கையைப் பிடித்துவிட்டேன். அவன், "அங்கிள், கலவை இறுகிடும் லா" என்றான். பிறகு குனிந்து பார்த்தான். பார்த்தவன் எழுந்திருக்கவில்லை. "இத்தனையுமா உள்ள இருந்திச்சி?" என்றான். ஆட்கள் இருவரும் குந்தினார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். கலவை வண்டியிலேயே இறுகிப்போனது.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். ஆமாம், இவை அவள் குஞ்சுகள்தான். அவள் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பறித்ததை நான் பார்த்தேன், அது உண்மை. நான் கண்ணாடி எடுக்கப் போனதும் அதை விட்டுவிட்டு, மழையில் வேலியோரம் நடந்து வந்து இங்கே புதைத்திருக்கிறாள். நான் எறும்பு விரட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. குமுதா பால் ஊற்றியதும் வெறும் மண்ணுக்குத்தான்.

நான் தப்புப் பண்ணினேன் என்று எழுத மாட்டேன். மறைப்பது அவள் வேலை, அதை அவள் நன்றாகச் செய்திருக்கிறாள். என் கண்ணிலிருந்து மறைக்க முடிந்தவள் குளவியிடமிருந்தும் மறைத்துவிடுவாள். எனக்குச் சந்தோஷம்தான்.

குஞ்சுகள் பறந்து போக இன்னும் சில நாளாகலாம். அதுவரை வேலியோரம் யாரும் காலை வைக்கக்கூடாது. இன்னொரு வழி இருக்கிறதே என்று, "பாலன், மஞ்சள் துணி கட்டின பக்கத்தில் ஒன்றும் இல்லை, அங்கேயே ஊற்று" என்றேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னைக் கொன்னாலும் மாட்டேன் அங்கிள். அங்க சாமி இருக்கு."

"அது லோரி துடைக்கிற துணிடா."

"அப்ப இருந்திருக்கலாம்" என்கிறான்.

ஆக, பாதை வேலியோரம்தான், இவை போன பிறகுதான். நீ பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகக்கூடாது. இது வேண்டுகோள் இல்லை. நான் இந்த வீட்டில் பாதிக்காரன், என் பாதியின் சார்பாகச் சொல்கிறேன்.

ரெங்கசாமி


கோலாலம்பூர், ஆஸ்பத்திரி
21 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. வலி இருக்கிறது, அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை வார்டில் வாசித்தேன். பக்கத்துக் கட்டிலில் செந்தூலிலிருந்து மலர்விழி என்று ஒரு அக்கா, அவர் கேட்டுவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மலாய் நர்ஸ் தினமும் வந்து, அத்தை முறை வைத்து, "மக்சிக், சிலந்திப் பிள்ளைங்க பறந்துடுச்சா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கிறாள். என்ன சொல்ல? உடனே எழுதி அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை குளியலறைச் சிலந்தியின் வெள்ளைப் பை காலியாகக் கீழே கிடந்தது. சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தன. அம்மாக்காரி அன்றுதான் ஒரு கரப்பானைப் பிடித்தாள். விமலன் டாக்ஸி வந்துவிட்டது என்று கத்துகிறான், நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். இதை உங்களிடம் சொல்லாமல் ஆபரேஷன் அறைக்குள் போகிறோமே என்றுதான் எனக்கு இருந்தது. வேறு பயம் இல்லை.

மாடி அறைக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரமணி


கிள்ளான்
4 பிப்ரவரி 2025

ரமணிக்கு,

நர்ஸிடம் சொல், பறந்துவிட்டன. காற்று நன்றாக அடித்த ஒரு காலையில் ஒவ்வொன்றாக இலை நுனிக்கு வந்து, அடிவயிற்றைத் தூக்கி, நூலை விட்டு, அந்த நூலோடு எழும்பிப் போயின. ஒன்று குமுதாவின் துணிக்கொடியில் இறங்கியது. அவள் அதற்கும் கும்பிட்டாள்.

பாதை போட்டாகிவிட்டது. பின்சந்து கேட்டிலிருந்து அடுப்படிக் கதவுவரை. வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் வரி இழுக்கச் சொன்னேன், பாலன் இழுத்தது சரியில்லை என்று நானே திரும்ப இழுத்தேன். விமலன் வந்தபோது அவனுடைய சக்கரப் பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. உன் அறையில் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து மாமரம் தெரியும்.

ஒரு சிக்கல். ஸ்டோர் போனதும் வெட்டவெளியாகிவிட்டதல்லவா, அவள் பழைய வலையை விட்டுவிட்டு மாமரத்திலிருந்து வேலிவரை புதிதாகக் கட்டியிருக்கிறாள். பாதைக்கு நேர் மேலே. நான் போனால் முகத்தில் படுகிறது. வயிறு மறுபடியும் பெருத்துவருகிறது, இப்போது கலைக்கக்கூடாது. உனக்குப் பரவாயில்லை. நடைவண்டியைப் பிடித்துக் குனிந்துதானே வருவாய், இடிக்காது.

ரெங்கசாமி


கோலாலம்பூர்
7 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விமலன் என்னைக் கிள்ளானுக்கு அழைத்து வருகிறான். நேற்று வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வண்டியில்லாமல் நடந்துவிட்டேன்.

நான் நிமிர்ந்துதான் வருவேன். அவளை இன்னும் கொஞ்சம் உயரமாகக் கட்டச் சொல்லுங்கள்.

ரமணி